ஸ்கூட்டர் பேனல்ல விரிசலா? கிளைம் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

ஆபீஸ் பார்க்கிங்ல பக்கத்து வண்டி சாய்ஞ்சு, உங்க ஸ்கூட்டர் சைடு பேனல்ல ஒரு விரிசல். வண்டி நல்லா ஓடுது. ஆனா பாக்கும்போதெல்லாம் மனசு உறுத்தும். உடனே நமக்குத் தோணுறது, "இன்ஷூரன்ஸ்தான் இருக்கே, கிளைம் போட்டுடலாம்."

கொஞ்சம் பொறுங்க. முதல்ல உங்க பாலிசியைப் பாருங்க. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசின்னா, உங்க வண்டியோட சேதத்துக்கு ஒரு ரூபாய் கூட கிடைக்காது. முழு பாலிசி இருந்தாலும், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50% தேய்மானம் கழிப்பாங்க. அதுக்கு மேல கட்டாயக் கழிவு 100 ரூபாய். உதாரணத்துக்கு, பேனல் விலை 1,800 ரூபாய்னு வைங்க. பேனலுக்காக உங்க கைக்கு வர்றது 800 ரூபாய்தான். ஜீரோ டெப் எடுத்திருந்தா 1,700 வரும்.

இப்போ போறதைப் பாருங்க. 5 வருஷம் கிளைம் போடாம இருந்தவங்களுக்கு, சொந்த சேதத்துக்கான பிரீமியத்துல 50% நோ கிளைம் போனஸ் இருக்கும். ஒரு கிளைம் போட்டா அடுத்த ரினியூவல்ல அது பூஜ்யம். அப்புறம் 20, 25, 35, 45, 50னு மறுபடி முதல்ல இருந்து படி ஏறணும். அந்தப் பிரீமியம் 1,500 ரூபாய்னா, நஷ்டம் வருஷா வருஷம் 750, 450, 375, 225, 75. மொத்தம் 1,875 ரூபாய்! வண்டி பழசாகப் பிரீமியம் குறையும், அதனால நஷ்டமும் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 800 ரூபாய்க்காக இதை விடலாமா? போனஸைக் காப்பாத்துற ஆட்-ஆன் தனி. ஜீரோ டெப் அதைச் செய்யாது.

அப்போ நாமே ஒட்டலாமா? பேனலைக் கழட்டி உள்பக்கம் பாருங்க. பிளாஸ்டிக் வகையை அங்கேயே அச்சடிச்சிருப்பாங்க. ஏபிஎஸ்னா வேலை சுலபம், ஏன்னா அது அசிட்டோன்ல கரையும். பிபின்னா கரையாது, பிளாஸ்டிக் வெல்டிங் கடைக்குப் போயிடுங்க.

மெக்கானிக் கடையில கிடைக்கிற உடைஞ்ச ஏபிஎஸ் துண்டுகளைப் பொடியா நறுக்கி, கண்ணாடி பாட்டில்ல அசிட்டோன் ஊத்தி ராத்திரி முழுக்க மூடி வைங்க. தோசை மாவு பதத்துக்கு வரும். (லெகோ கட்டையும் ஏபிஎஸ்தான், ஆனா அந்த விலைக்கு அதைக் கரைக்க மனசு வராது!) விரிசலோட நுனியில 3 மி.மீ. அளவுக்கு ஒரு ஓட்டை போடுங்க. இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. ஓட்டை இல்லன்னா வண்டி அதிர்வுல விரிசல் இன்னும் நீளும். அப்புறம் உள்பக்கம் விரிசல் நெடுக லேசா பள்ளம் கீறி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கரைசலை மெல்லிசா ரெண்டு மூணு தடவை பூசுங்க. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். வெளிப்பக்க பெயின்ட்ல ஒரு சொட்டு கூடப் படக்கூடாது, பெயின்ட்டையே கரைச்சுடும்.

சூப்பர் க்ளூ வேண்டாம். அது இறுகினா வளையாது, அதிர்வுல மறுபடி விட்டுடும். அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும். கிச்சன்ல வேண்டாம், மொட்டை மாடியில செய்யுங்க.

ஹெட்லைட்டைத் தாங்குற இடம், சக்கரத்தை ஒட்டின மட்கார்டு, ரெண்டும் உடைஞ்சிருந்தா ஒட்டாதீங்க. புதுசு மாத்திடுங்க. பேனலோட ஃபோர்க், ஹெட்லைட்னு சேர்ந்து அடிபட்டு பில் பல ஆயிரம் வந்தா, அப்போ தயங்காம கிளைம் போடுங்க. அதுக்குத்தான் பிரீமியம் கட்டுறோம்.