உதிர்வின் ஒழுங்கு

புதுச்சேரியில் காந்தி சிலையருகே தொடங்கிக் கடற்கரைச் சாலையில் ஒரு கிலோமீட்டர் நடப்போம். பக்கத்திலே கரைகாணா வங்கக் கடல். நடந்து தீர்த்த அந்தத் தொலைவுக்கு ஏறக்குறைய ஈடான முடியை, நம் தலை ஒரே மாதத்தில் ஓசையின்றி வளர்த்து முடித்திருக்கிறது. சுமார் 1,00,000 வேர்க்கால்கள். ஒவ்வொன்றிலும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். அத்தனை வேர்க்கால்களும் தாயின் வயிற்றிலேயே அமைந்துவிட்டவை. இவ்வளவையும் சுமந்து திரியும் நாம், சீப்பில் சிக்கிய நாலு முடியைக் கண்டு கலங்குகிறோம்.

ஒவ்வொரு வேர்க்காலுக்கும் தனித்தனிக் காலக்கணக்கு உண்டு. 2 முதல் 6 ஆண்டு வளர்ச்சி, சில வாரம் ஒடுக்கம், 3 மாத அளவில் ஓய்வு. பிறகு பழையது கழன்று விழ, அதே குழியிலிருந்து புதியது எழுகிறது. எல்லாமே ஒரே வேளையில் ஓய்ந்தால் தலை முழுதும் வெறுமையாகிவிடும். ஒன்று உதிரும்போது ஒன்பது வளர்ந்துகொண்டிருக்கும்படி வகுத்த கருணையை என்னவென்பது! நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது நோயன்று. அந்த ஒழுங்கின் நடைதான்.

'குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும்' என்பார்கள் பாட்டிமார். சிரிப்பின் மேல் பழியில்லை. ஆனால் அவர்கள் கண்ட காலம் பிசகவில்லை. கருவுற்றிருக்கையில் பெருகும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், உதிரவேண்டிய முடிகளையும் வளர்நிலையிலேயே நிறுத்திவைக்கிறது. பிரசவத்தோடு அது இறங்க, அவை கூட்டமாக ஓய்வுக்குப் போய், மூன்றாம் மாத வாக்கில் கொத்துக் கொத்தாய் வருகின்றன. டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற கடுங்காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தல் ஆகியவற்றுக்குப் பின்னும் இதே தாமதம்தான். இன்று உதிரும் முடிக்குக் காரணம் மூன்று மாதத்துக்கு முன்னே நடந்திருக்க, நேற்று மாற்றிய ஷாம்பூவையும் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரையும் வைகிறோம். பட்ட துன்பத்தை நாம் மறந்தாலும் உடல் மறப்பதில்லை. தாய்க்கு உதிர்ந்தது பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானே திரும்பிவிடும்.

இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் இப்படியே தலையெங்கும் முடியை மெலிவிக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இறுக்கி இழுத்துப் போடும் கொண்டையும் சடையும் நெற்றியோரத்து வேர்களை நாளடைவில் நலிவித்துவிடும்.

ஆண்களின் வழுக்கையில் இன்னும் பெரிய வியப்பு. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து பிறக்கும் ஒரு ஹார்மோனே, தாடியை அடர்த்தியாக்குகிறது; பரம்பரை வாகுள்ளவர்க்கு உச்சந்தலை வேர்களைச் சுருக்குகிறது; பிடரிப் பக்கத்தை அநேகமாகத் தொடுவதேயில்லை. ஒரே கட்டளையை இடத்துக்கு ஒரு விதமாய்க் கேட்கும் உயிரணுக்கள்! பிடரியிலிருந்து எடுத்து நட்ட முடி உச்சியிலும் நிலைப்பது அதனால்தான்.

புழுவெட்டில் புழு ஏதுமில்லை. நம்மைக் காக்கும் எதிர்ப்புச் சக்தியே வேரைப் பகையென்று எண்ணித் தாக்குகிறது; வட்டமாய் முடி கொட்டுகிறது. வேர் அழிவதில்லை என்பதால் பலருக்கு மீண்டும் முளைக்கிறது, பெரும்பாலும் முதலில் வெள்ளையாக. ஆனால் வேறு காரணத்தால் தோல் சிவந்து, வலித்து, சீழ்கட்டி, தழும்பு விழுந்தால் அந்தக் குழி மூடிப்போகும். மூடிய இடத்தில் முடி வராது. அந்த அறிகுறி கண்டால் எண்ணெய் மாற்றிப் பார்த்து நாளைப் போக்காமல், கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையிலோ வேறெங்கோ தோல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.