பழைய புரோகிராமும் புதிய பில்லும்

நம்மில் பலர் 15, 20 ஆண்டுகளாக ஒரே பில்லிங் புரோகிராமை வைத்திருக்கிறோம். எழுதிக் கொடுத்தவர் எங்கோ போய்விட்டார். ஆனாலும் கணக்கு பைசா பிசகாமல் வருகிறது. சிக்கல் வேறு இடத்தில்.

2023 ஆகஸ்டு 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்ற வணிகர்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போட வேண்டும். அந்த விவரங்கள் ஜேசன் என்ற வடிவில் இருக்கும். மேலே விற்பவர் பெயர், 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண், தேதி, அதற்குள் அடுக்கடுக்காக மிளகு, சீரகம், பருப்பு. நமது பழைய புரோகிராமுக்கோ கட்டம் கட்டமாகக் கொடுத்தால்தான் புரியும்.

இதற்காகப் புரோகிராமை மாற்ற வேண்டியதில்லை. கணக்கு விவரங்கள் இருக்கும் டேட்டாபேசுக்குள்ளேயே 'ஸ்டோர்டு புரொசீஜர்' என்ற சிறு கட்டளைத் தொகுப்பை எழுதி வைக்கலாம். லாரியில் கலந்து வரும் சரக்கை மேஸ்திரி இனம் பிரித்துக் கிட்டங்கியில் அடுக்குவது போல, அது பில்லைப் பிரித்துப் பழைய புரோகிராம் படிக்கும் கட்டங்களில் வைக்கும். ஐ.பி.எம். ஏ.எஸ்./400 வகைக் கணினிகளில் பழைய கோபால் புரோகிராமையே இப்படி நேரடியாக அழைத்து வேலை வாங்கலாம்.

எழுதுபவரிடம் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, மிளகின் எச்.எஸ்.என். எண் 0904. அதை எண்ணாகப் படித்தால் முன் பூஜ்யம் விழுந்து 904 ஆகிவிடும். எழுத்தாகவே படிக்க வேண்டும்.

இரண்டு, பழைய கட்டத்தில் 20 எழுத்துக்குத்தான் இடம் என்றால், நீளமான பெயரைச் சத்தமில்லாமல் வெட்டக் கூடாது. நிறுத்திச் சொல்ல வேண்டும்.

மூன்று, பில் ஏறினால் முழுதாக ஏற வேண்டும். இல்லையேல் ஒரு வரிகூட ஏறக் கூடாது.

மூன்றாவதை நாம் பட்டுத்தான் அறிந்தோம். நமது மண்டியில் 12 உருப்படி கொண்ட பில் ஏறும்போது கரண்ட் போனது. 7 ஏறியது, 5 நின்றுவிட்டது. கிட்டங்கியில் மூட்டை இருக்கிறது, கணக்கில் இல்லை. பல ஆண்டு உடனிருந்த குமாஸ்தாவை நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாத கேள்வி கேட்டுவிட்டோம். இரண்டு நாள் கழித்துத்தான் தவறு கணினியில் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்டோம், பேசிய பேச்சைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

எனவே முதல் மாதம் புதிய வழியில் ஏறும் ஒவ்வொரு பில்லையும் சரக்கோடு ஒத்துப் பாருங்கள். கணக்கு இடித்தால் ஆளைக் கேட்கும் முன் கணினியைப் பார்ப்போம்.