கிட்னியை யார் கேட்பது?

பெரியப்பா மகன் அண்ணனுக்கு டயாலிசிஸ் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். மாற்று சிறுநீரகம் வைப்பதுதான் நல்லது, வீட்டில் யாராவது தர முடியுமா பாருங்கள் என்று டாக்டர் முதல் மாதமே சொல்லியிருக்கிறார். அண்ணன் அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னா கேட்ட மாதிரி ஆயிரும்லா மக்கா. கேட்டு வாங்குகதுக்கு இது என்ன மண்வெட்டியா?" என்றார்.

அதன்பிறகுதான் இதைப்பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அறுவை சிகிச்சை பழைய சங்கதி. 1954-ல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே இரட்டையரில் ஒருவரின் கிட்னியை மற்றவருக்கு வைத்தார். நம் நாட்டில் 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் வெற்றிகரமாகச் செய்தார்கள். இப்போது தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்து கொள்ளலாம். சிக்கல் அதற்கு முந்தின படியில் இருக்கிறது. தேவைப்படுகிறவர் வாய்திறந்து கேட்க வேண்டும்.

கேட்கும் முன் கொடுப்பவருக்கு என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் 2010-ல் வெளியான பெரிய ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் 90 நாளுக்குள் இறந்த கொடையாளர்கள் 10,000-க்கு மூன்று பேர். 2014-ல் வந்த இன்னொன்றில், 15 ஆண்டுகளில் கொடையாளருக்கே கிட்னி செயலிழந்தது 10,000-க்கு சுமார் 31. அதே அளவு ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் 4. ஆக, அபாயம் சின்னது, ஆனால் பூச்சியம் இல்லை. கறுப்பினக் கொடையாளர்களில் மட்டும் அது 75-ஐ ஒட்டி வந்தது. அங்கே அவர்கள் தயங்குவதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

அடுத்து சட்டம். 1994-ம் வருடத்து மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 'நெருங்கிய உறவினர்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். 2011 திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியும் சேர்ந்தார்கள். வேறு யார் கொடுப்பதானாலும் அங்கீகாரக் குழுவின் முன் போய், பணத்துக்காக இல்லை, பாசத்தால்தான் கொடுக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். ரத்தப் பிரிவு சேராத இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக் கொடுத்துக் கொள்ளவும் அந்தத் திருத்தம் வழிசெய்தது.

பெரியப்பா மகனுக்கு நான் தம்பி என்று ஊர் சொல்லும், சட்டம் சொல்லாது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

இவ்வளவு கெடுபிடி சும்மா வரவில்லை. சென்னை வில்லிவாக்கத்தை 'கிட்னிவாக்கம்' என்று சொன்ன காலம் உண்டு. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து எடுத்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் அப்படியே இருந்தது. பத்தில் ஏழு பேர் பெண்கள்.

விற்பனையை விட்டுவிடுவோம், தானத்திலும் இதே சாய்வுதான். 2019 முதல் 2023 வரை இந்தியாவில் உயிரோடு உறுப்பு கொடுத்த 56,509 பேரில் 36,038 பேர் பெண்கள். எங்கள் வீட்டில் அது எப்படி நடந்தது என்று நானே பார்த்தேன். அண்ணன் விஷயம் வெளியே வந்ததும் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாக் கண்ணும் மைனி பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். "நான் தாறேன்" என்று மைனி சொன்னார். வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

2014 விதிகளில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சுயசம்மதத்தை, பெற்றுக்கொள்பவர் அல்லாத இன்னொருவரிடம் உறுதி செய்ய வேண்டும். ஆனால் அந்த இன்னொருவர் மாமியாராக இருந்தால் என்ன பிரயோசனம்? பல நாடுகளில் டாக்டர்கள் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. கொடையாளரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள். விருப்பமில்லை என்றால், காரணம் எதையும் சொல்லாமல் 'இவர் தகுதியில்லை' என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லிவிடுவார்கள். வீட்டில் சண்டை வராது.

கேட்பதற்கு என்ன வழி? கறுப்பின அமெரிக்கர்களுக்கு சிறுநீரகச் செயலிழப்பு வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கு மேல் வருகிறது, உயிருள்ளவரிடமிருந்து மாற்று கிட்னி கிடைப்பதோ குறைவு. பாஸ்டனில் அவர்களுடைய வீட்டுக்கே ஆள் போய், உறவினரையும் நண்பர்களையும் கூட்டிவைத்துப் பேசிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் மட்டும் பேசுவதைவிடக் கூடுதல் பேர் கொடுக்க முன்வந்து விசாரித்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இன்னொரு யோசனை: நோயாளி கேட்க வேண்டாம், அவருக்காகப் பேச ஒரு நண்பரையோ உறவினரையோ தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்போம். முதலில் 15 பேரோடு செய்து பார்த்ததில் 4 பேருக்கு மாற்று கிட்னி கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட நோயாளிகளில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சின்னக் கணக்குதான், இருந்தாலும் அண்ணன் சொன்ன மண்வெட்டிக்கு அது பதிலாக்கும்.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மேலே எழுதின எண்களையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி அண்ணனின் உடன்பிறந்த மூவருக்கும் கொடுத்தேன். கூடவே, யாரும் எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், விருப்பம் இருந்தால் நேராக டாக்டரைப் பாருங்கள், இல்லையென்றால் நான் மறுபடி கேட்கவே மாட்டேன் என்றும் சொன்னேன். சின்ன அக்காவும் தம்பியும் போனார்கள். அக்காவுக்குச் சர்க்கரை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய அக்கா போகவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. நம்மில் பலருக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். ஆனால் களியக்காவிளை தாண்டினால் வேறு மாநிலம். நெருங்கிய உறவினர் அல்லாதவர் கொடுப்பதானால், குடியிருப்பைத் தாசில்தாரோ அதற்கு அதிகாரம் உள்ளவரோ சரிபார்த்து 20-ம் எண் படிவத்தில் தர வேண்டும். கணவன் மனைவி என்றாலும் மணச் சான்றிதழ் கேட்பார்கள். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைனியும் அண்ணனின் தம்பியும் இப்போது சோதனையில் இருக்கிறார்கள். மைனியிடம் டாக்டர் தனியாகப் பேசியிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று வீட்டில் யாரும் கேட்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.