கழுத்தில் பிறக்கும் தலைவலி

தாயில்பட்டி வட்டாரத்தில் தலை குனிந்து செய்யும் தொழில்களே மிகுதி. சரவெடி பின்னுவோரும், தீப்பெட்டி ஒட்டுவோரும், நம் ஜில்லாவில் குழித்தறியில் அமரும் நெசவாளரும் பல மணி நேரம் கழுத்தை ஒரே நிலையில் வைத்திருக்கின்றனர். மாலையில் தலை வலித்தால், பித்தம் என்றோ கண் கோளாறு என்றோ கருதிக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். வலியின் மூலம் கழுத்தில் இருக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் மூன்று ஜோடி நரம்புகளும், முகம், நெற்றி ஆகியவற்றின் உணர்ச்சி நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் கூடுகின்றன. இரு வாய்க்கால்கள் ஒரு மடையில் கலந்தபின், எது எந்த வாய்க்கால் நீர் என்று பிரித்தறிய இயலுமா? அதுபோலவே, கழுத்து மூட்டில் எழும் வலியை நெற்றியிலும் கண்ணுக்குப் பின்புறத்திலும் எழுவதாக மூளை கொள்கிறது. நார்வே தேசத்து வைத்தியர் ஷோஸ்டாட் என்பாரும் அவருடைய துணைவர்களும் 1983-ஆம் ஆண்டில் இந்நோயைத் தனியே பிரித்துப் பெயரிட்டனர்.

இதன் அறிகுறிகள் யாவை? வலி பெரும்பாலும் ஒரே பக்கமாகப் பிடரியில் தொடங்கி முன்னே பரவும். கழுத்தைத் திருப்பினாலும், நெடுநேரம் குனிந்தாலும் மிகும். கழுத்து முன்போல் முழுவதும் திரும்பாது. ஒற்றைத் தலைவலியோ பெரும்பாலும் துடிப்போடும் குமட்டலோடும் வரும், வெளிச்சம் பொறுக்காது. ஆயினும் அதிலும் கழுத்து வலிப்பதுண்டாகையால், வைத்தியர் சோதித்தே முடிவு கூறவேண்டும். அவர் கழுத்தை முன்னே மடக்கித் தலையை இருபுறமும் திருப்பிப் பார்ப்பார். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவது மட்டும் சான்றாகாது. வலியே இல்லாதவர்க்கும் வயது ஏற ஏற அது தெரியும்.

சிகிச்சையில் முதன்மையானது பயிற்சி. ஆஸ்திரேலியாவில் 200 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆராய்ச்சியில், ஆறு வாரம் கழுத்துப் பயிற்சியோ கைச்சிகிச்சையோ பெற்றவர்களுக்கு வலி குறைந்தது. ஓராண்டுக்குப் பின்னும் அப்பயன் நிலைத்தது. மல்லாந்து படுத்து, முகவாயை மெல்ல உள்ளே இழுத்துப் பத்து விநாடி நிறுத்துவது அத்தகைய பயிற்சிகளுள் ஒன்று. இயன்முறை வைத்தியரிடம் கற்றுச் செய்தல் நலம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இச்சிகிச்சையும் அடங்கும். விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுள்ளது.

இரண்டு தீங்குகளை விலக்கவேண்டும். மாதத்தில் பதினைந்து நாளும் அதற்கு மேலும் வலி மாத்திரை உண்டால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும். முடிதிருத்தகத்தில் கழுத்தைச் சட்டென்று திருகி நெட்டி எடுப்பதால், மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு.

திடீரெனத் தாக்கும் கடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வைக் குறைவு, தலையில் அடிபட்டபின் வரும் வலி ஆகியவற்றில் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் தலைவலியையும் வைத்தியரிடம் உடனே காட்டவேண்டும்.

எண்ணிக்கைக் கூலிக்கு உழைப்போர் எழுந்து நிற்கத் தயங்குவது இயல்பே. எனினும் வலியால் ஒரு நாள் படுத்தால் அந்நாட் கூலி முழுவதும் போகிறது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தோளையும் கழுத்தையும் அசைக்க ஒரு நிமிஷமே செல்லும். வேலைப்பலகையைச் சற்று உயர்த்துவதற்கும் பெருஞ்செலவு இல்லை. இவ்விரண்டையும் நம் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே ஆலோசித்து நடைமுறைக்குக் கொணர்வது தக்கது.