அசதிக்கு மருந்து புட்டியில் இல்லை

பழனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயக்குடி என்றதுமே நாவில் கொய்யாப்பழம் இனிக்கும். ஆனால் அந்தப் பழத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்து சேர்க்கிறவர்களின் பாடு அத்தனை இனிப்பானதல்ல. இருட்டோடு எழுந்து பறிக்க வேண்டும். பெட்டியில் அடுக்கி, தூக்கி, வண்டியில் ஏற்ற வேண்டும். கொய்யா இரண்டு மூன்று நாளைக்கு மேல் காத்திருக்காது. வரத்து கூடினால் விலை விழுந்து விடும். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். தோட்டக்காரருக்குக் கடன் கவலை, வியாபாரிக்குச் சரக்கு அழுகிவிடுமே என்ற கவலை, பெட்டி தூக்குகிறவருக்கு இடுப்பு வலி. "இன்னிக்கு மட்டும்... உடம்பு அசதிக்கு!" என்று அங்கேதான் ஆரம்பமாகிறது அந்தப் பழக்கம்.

சந்தையில் மட்டுமா? மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர், லாரி ஓட்டுகிறவர், மாதக் கடைசியில் டார்கெட்டை நினைத்து நெஞ்சு படபடக்கிறவர் எல்லாரும் சொல்வது இதே வார்த்தையைத்தான். "நானும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். அவரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறார். ஆனாலும் நிற்கவில்லையே!" என்று கண் கலங்கும் சகோதரிகள் எத்தனையோ பேர். அவர்களுக்கும், அந்தச் சபலத்தோடு தாமே போராடிக் கொண்டிருப்பவர்களுக்கும் சில வார்த்தைகள்.

எலியாவுக்கு முதலில் கிடைத்தது

வேதாகமத்தில் முதலாம் இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை ஒரு தரம் எடுத்துப் படித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட எலியா, யேசபேலின் மிரட்டலைக் கேட்டதும் வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, இனி உயிரே வேண்டாம் என்கிறார். வேலையில் நொந்துபோன மனிதர் பேசுகிற பேச்சு அல்லவா இது!

கடவுள் என்ன செய்தார்? "நீயெல்லாம் ஒரு தீர்க்கதரிசியா?" என்று அதட்டவில்லை. முதலில் அவரைத் தூங்கவிட்டார். தேவதூதன் வந்து தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் சாப்பாடு. புத்திமதியும் புது வேலையும் அதற்கப்புறம்தான் வந்தன. அப்போதும், 'உன்னைப்போல் இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள்' என்று தைரியம் சொல்லி, கூடவே இருக்க எலிசாவையும் காட்டினார்.

தூக்கம், சாப்பாடு, துணை: இந்த மூன்றும் ஆண்டவரே எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற சங்கத்தாரும், குடியை விட்டவர் நான்கு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்கிறார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. ஏறக்குறைய எலியாவின் கதையேதான்!

"குடித்தால்தான் தூக்கம் வருகிறது" என்பார்கள். படுத்தவுடன் கண் அசத்துவது உண்மைதான். ஆனால் நடுராத்திரிக்கு மேல் அதே மது தூக்கத்தைக் கெடுத்துவிடும். காலையில் அசதி இன்னும் கூடும். அந்த அசதிக்கு மறுநாள் இன்னும் கொஞ்சம்!

டப்ளினில் ஒரு கூலிக்காரர்

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1856-ல் பிறந்தவர் மாட் டால்பட். பன்னிரண்டு வயதில் ஒயின் வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார்; அங்கேயே குடியும் தொற்றிக்கொண்டது. பிறகு செங்கல், சாந்து சுமக்கும் சித்தாள் வேலை. சம்பளம் முழுவதும் கடையில்தான். ஒரு முறை தோழர்களோடு சேர்ந்து, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஏழையின் பிடிலையே திருடி விற்றுக் குடித்தாராம்.

1884-ல் ஒரு சனிக்கிழமை, கையில் காசில்லாமல் கடை வாசலில் நின்றார். தான் எத்தனையோ தரம் வாங்கிக் கொடுத்த கூட்டாளிகள் இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். மனம் விட்டுப்போய் வீட்டுக்கு வந்தவர், குடியை விடச் சத்தியம் செய்யப் போவதாகத் தாயாரிடம் சொன்னார். அந்த அம்மாள், காப்பாற்றுவதானால் மட்டும் சத்தியம் செய்யச் சொல்லி வாழ்த்தி அனுப்பினாள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. முதல் நாளே அவர் ஆயுள் முழுவதற்கும் சத்தியம் செய்யவில்லை. மூன்றே மாதத்துக்குத்தான்! அந்த மூன்று மாதமும் பெரும்பாடு. அது முடிந்ததும் நீட்டித்தார், பிறகு ஆயுளுக்கும். இடையில் ஒரு நாள் சபலத்தில் கடைக்குள்ளேயே நுழைந்து விட்டாராம். கடைக்காரர் கவனிக்காததால் வெளியே வந்து, நேரே கோயிலுக்குப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்.

கூலி வேலையை அவர் விடவில்லை. கடைசி வரை மரக்கிடங்கில் உழைத்தார். விடியற்காலையில் பூசை, பிறகு வேலை, வேலை விட்டதும் கோயில். பழைய கடன்களை அடைத்தார். அந்தப் பிடில்காரரைத் தேடி அலைந்தும் காண முடியவில்லை. 1925 ஜூன் 7-ல் கோயிலுக்குப் போகும் வழியில் இறந்தார். 41 வருஷம் ஒரு சொட்டும் தொடவில்லை. 1975-ல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

வேலை விட்ட அந்த ஒரு மணி நேரம்

வேலை முடிந்து வீடு சேர்வதற்குள் இருக்கும் நேரம்தான் ஆபத்தானது. கைக்கொள்ள எளிதான சில வழிகள்:

* கடை இல்லாத வழியாக வீட்டுக்கு வரட்டும். சுற்று வழியானாலும் பரவாயில்லை.
* சம்பளம் அல்லது கூலி நேரே வீட்டுக்கோ வங்கிக்கோ போகட்டும். அவரே சம்மதித்துச் செய்தால்தான் இது பலிக்கும்.
* வெறும் வயிற்றோடு புறப்பட வேண்டாம். வேலை முடியும் நேரத்தில் சுண்டலோ, வாழைப்பழமோ, நீர்மோரோ சாப்பிட்டால் பாதிச் சபலம் அடங்கும்.
* வீட்டுக்கு வந்ததும் வெந்நீர்க் குளியல், சூடான சாப்பாடு. கடன், பள்ளிக்கூட பீஸ் பேச்செல்லாம் அப்புறம்.
* ஆசை அலைபோல எழும்பும். கொஞ்ச நேரத்தில் தணிந்தும் விடும். அந்த நேரத்தில் போன் செய்து பேச, குடிக்காத நண்பர் ஒருவராவது வேண்டும். சபைப் போதகரானாலும் சரி.
* "இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்" என்ற பெரிய சபதம் வேண்டாம். "இன்று ஒரு நாள்" போதும்.

"பவுலே தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்லியிருக்கிறாரே!" என்று சாக்குச் சொல்கிறவர்கள் உண்டு. அது வயிற்றுக் கோளாறுக்குச் சொன்ன யோசனை. மதுவெறி கூடாது என்று எபேசியருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். கொஞ்சத்தோடு நிறுத்த முடியாதவருக்குக் கொஞ்சம் என்பதே கிடையாது.

டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவா?

இல்லவே இல்லை. சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தானே! பல வருஷமாகத் தினமும் அதிகம் குடித்தவர், வைராக்கியத்தில் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, இரண்டொரு நாளில் வலிப்பு, மனக்குழப்பம் எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஆஸ்பத்திரி மேற்பார்வையில் நிறுத்துவதே நல்லது.

இன்னொன்று: "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் மாத்திரையையும் பொடியையும் நம்பாதீர்கள். அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே உலை வைக்கலாம்.

மனநல யோசனைக்கு 14416, போதைப் பழக்கத்தை விடுவதற்கு 14446 என்ற எண்களில் இலவசமாகப் பேசலாம்.

மனைவிக்கு ஒரு வார்த்தை

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி குடியினால் கணவரை 1979-ல் இழந்தார். மறு வருஷமே டி.டி.கே. பெயரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கினார். அங்கே குடித்தவருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம்களும் நடத்தினார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குடி வீடு முழுவதையும் பிடிக்கிற நோய் என்று புரிந்து செய்த தொண்டு அது.

ஆகவே சகோதரி, அவர் குடிப்பது உங்கள் குற்றமல்ல. அவர் சார்பில் முதலாளியிடம் பொய் சொல்லாதீர்கள். கடைக் கடனை நீங்கள் அடைக்காதீர்கள். போதையில் இருக்கும்போது வாதாட வேண்டாம்; காலையில் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். அடி உதை என்றால் பொறுத்துக்கொள்வது விசுவாசத்தில் சேராது. 181-க்குப் பேசுங்கள், பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

தவறி ஒரு நாள் மறுபடியும் குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிட வேண்டாம். எலியாவை ஆண்டவர் ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் தட்டி எழுப்பினார். வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களைத்தான் இயேசு தம்மிடம் கூப்பிட்டார். சுமையை இறக்கிவிட்டு வந்தவர்களை அல்ல. வேலை விட்டுப் புறப்படும்போது இவ்வளவு ஜெபித்தால் போதும்: "ஆண்டவரே, இன்று சாயங்காலம் என்னோடு வீடுவரை நடந்து வாரும். நாளைய கவலையை நாளைக்குப் பார்க்கலாம்."