சுவரில் ஈரம் தெரிந்தால் சிமென்ட் பூசாதீர்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டுத் தடுப்புச் சுவர்களைக் கவனித்துப் பாருங்கள். தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் பலவற்றில் சிமென்ட் அடைத்திருக்கும். கேட்டால், “கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், பூசிவிட்டோம், ஒழுகல் நின்றுவிட்டது” என்பார்கள். ஒழுகல் எங்கே நின்றது? சுவருக்குப் பின்னால், மண்ணுக்குள் தேங்கி நிற்கிறது. அந்தப் பாரம் முழுதும் இப்போது சுவரின் முதுகில்.

சமவெளியில் குழாய் கசிந்தால் மோட்டார் கரண்ட் பில் ஏறும், அவ்வளவுதான். மலையில் சரிவே ஊறிப்போகும். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மண் சரிந்தது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையின் சரிவுகளில் நீலகிரி மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மழையை யாரும் தடுக்க முடியாது. மழைக்கு முன்பே சரிவை ஊறவைப்பது மட்டும் நம் வேலை.

இப்போது விடுமுறை வீடுகளில் நீச்சல் குளமும் வந்துவிட்டது. உரிமையாளர் வெளியூரில் இருப்பார். காவலாளி தினமும் காலையில் ஓஸ் போட்டு நிரப்புவார். இதற்குப் பெயர் பராமரிப்பாம்! எட்டு மீட்டருக்கு நான்கு மீட்டர் குளத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 320 லிட்டர். ஆவியாகிறதா, கசிகிறதா என்று அறிய ஒரு வாளி போதும். வாளியில் குளத்து நீரை நிரப்பிக் குளத்தின் படிக்கட்டில் வையுங்கள். வாளிக்குள்ளும் குளத்திலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வாளியைவிடக் குளம் அதிகம் இறங்கியிருந்தால் கசிவுதான். பம்ப் ஓடும்போது ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை செய்யுங்கள். ஓடும்போது அதிகம் இறங்கினால், பம்பிலிருந்து குளத்துக்குத் திரும்பும் குழாயைச் சந்தேகியுங்கள். திரும்பும் வாயில் விடாமல் காற்றுக் குமிழி வந்தால் உறிஞ்சும் குழாயைப் பாருங்கள். சம்ப்புக்கு இன்னும் எளிது: இரவில் உள்வரும் வால்வையும் வெளியேறும் வால்வையும் மூடி மட்டத்தைக் குறியுங்கள், காலையில் பாருங்கள்.

கசிவு உறுதியானால் முதலில் வால்வை மூடுங்கள். மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யாதீர்கள். வெற்றுக் குளத்தை நிலத்தடி நீர் கீழிருந்து தூக்கிவிடும். குளோரின் தண்ணீரைக் கீழேயுள்ள தேயிலைக்குள் திறந்துவிடவும் கூடாது. குழாயைத் தோண்டப் பொக்லைன் அழைக்காதீர்கள். இந்த மாவட்டத்தில் அதற்கு ஆட்சியர் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மண்வெட்டியே போதும்.

கசிவது பொதுக் குழாய் என்றால்தான் அலைச்சல். நகராட்சி எல்லையில் ஆணையர், கேத்தி போன்ற பேரூராட்சியில் செயல் அலுவலர், கிராமத்தில் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும், வெலிங்டனில் கண்டோன்மென்ட் போர்டு அலுவலகம். சாலையோரக் கசிவென்றால் நெடுஞ்சாலைத் துறை குடிநீர்க் குழாயைக் காட்டும், குடிநீர்ப் பிரிவு சாலையைக் காட்டும். இந்த விளையாட்டுக்கு இடம் கொடுக்காமல் ஒரே மனுவை இருவருக்கும் கொடுங்கள், இன்னாருக்கும் நகல் என்று இரண்டிலும் எழுதுங்கள். வார்டு, தெரு, அருகிலுள்ள கதவு எண், கசிவைக் கண்ட தேதி, தேதியுடன் படம், இவை கட்டாயம். “போனில் சொன்னேன்” என்பது புகார் அல்ல. முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் கொடுங்கள். பிறகும் அசையாவிட்டால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில், ‘என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு யாரிடம் உள்ளது’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மேல் வீட்டுக் கசிவால் சுவர் சாய்கிறதா? வாய்ச்சண்டை வேண்டாம். விழுந்து அக்கம்பக்கத்தாரைக் காயப்படுத்தக்கூடிய கட்டடத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ உத்தரவிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் கோட்டாட்சியருக்கு உண்டு (பழைய சட்டத்தில் 133). ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றிலும் அந்த அலுவலகம் இருக்கிறது. மனுவில் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாத மனுக்கள் ‘விசாரிக்கவும்’ என்ற குறிப்போடு கிராம நிர்வாக அலுவலர் மேசையில் தூங்கும்.

குளம் கட்டிய ஒப்பந்தக்காரர் கைவிரித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது, ஒப்பந்தம், வாளிச் சோதனையின் படங்கள் கையில் இருக்கட்டும். ரசீதில்லாமல் ரொக்கம் கொடுத்தவர்கள்தான் இங்கே அதிகம் தோற்கிறார்கள்.

தரையில் புது வெடிப்பு, திடீரெனச் சிக்கும் கதவு, துளையில் கலங்கிய செந்நீர், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மனு எழுத உட்காராதீர்கள். வீட்டைவிட்டு வெளியேறி 1077க்கு அழையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் குழாய்களைச் சோதித்துவிடுங்கள். சுவரில் அடைத்த துளைகளைத் தகுதியுள்ள பொறியாளரைக் காட்டித் திறந்துவிடுங்கள். மறுபடி பூசாதீர்கள்.