உஷார்! அந்த நீல டிரம்மில் கீரை வேண்டாம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் புதிதாக வீட்டுத்தோட்டம் போடப் போகிறவர்கள், விதைப் பாக்கெட்டைக் கிழிக்கும் முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

முதலில் அந்த நீல டிரம். காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது, குறுக்கே அறுத்தால் இரண்டு தொட்டி. வாங்கி வந்து சோப்புத்தூள் போட்டுக் கழுவி, மண் நிரப்பி, அரைக்கீரை தூவிவிடுகிறோம். அதற்கு முன் அந்த டிரம்மில் என்ன இருந்தது? கடைக்காரருக்கே தெரியாது. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி மின்முலாம் பூசும் பட்டறைகளும், பெயிண்ட் அடிக்கும் கூடங்களும், எந்திர உதிரிபாகத் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர் இது. முலாம் பூசுகிற இடத்தில் குரோமியம், நிக்கல், துத்தநாகம், அமிலம் எல்லாம் அன்றாடப் புழக்கம். லேபிளைக் கிழித்துவிட்டால் அமிலம் வந்த டிரம்மும் சமையல் எண்ணெய் வந்த டிரம்மும் பார்வைக்கு ஒன்றுதான். பிளாஸ்டிக் சில ரசாயனங்களை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கசியவிடும். அது சோப்புக்குப் போகாது. காலி பெயிண்ட் வாளிக்கும் இதே கதி. ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் செம்பருத்தியோ குரோட்டனோ வையுங்கள். வாயில் போகிற எதுவும் அதில் முளைக்க வேண்டாம்.

அடுத்து மண். என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். “ஏரி வண்டல் போட்டால் பொன்னாக விளையும்” என்று பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர்கள் சொன்ன ஏரியில் சாக்கடை கலக்கவில்லை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சாக்கடையும் ஆலைக் கழிவும் வந்து சேரும் நீர்நிலையில் உலோகங்கள் கடைசியில் அடி வண்டலில்தான் போய்த் தங்கும். ஈயமும் காட்மியமும் மக்குவதில்லை, ஆவியாவதில்லை, வெயிலில் காய வைத்தாலும் குறைவதில்லை. எந்த ஏரியில், எந்தக் காலி மனையில் வெட்டியது என்று சொல்ல முடியாத லோடு மண்ணை, விலை குறைவு என்பதற்காக வாசலில் கொட்டிக்கொள்ளாதீர்கள்.

“நான் வெளி மண்ணே வாங்கவில்லை, என் வீட்டுக் கொல்லை மண்தான்” என்கிறீர்களா? அதையும் அப்படியே நம்ப வேண்டாம். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியது 2000ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் சி.டி.எச். ரோட்டிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் பல பத்தாண்டுகள் ஓடிய வண்டிகள் கக்கிய ஈயம் சாலையோர மண்ணின் மேற்பரப்பில் இன்னும் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த பெயிண்டைச் சுரண்டியபோது உதிர்ந்த தூள் எங்கே போயிருக்கும்? சுவரோரக் கொல்லை மண்ணுக்குத்தான். முருங்கைக்கும் கீரைக்கும் நாம் பாத்தி கட்டுவதும் அதே சுவரோரத்தில்தான்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. பாதிப்பு மூளை வளர்ச்சியில் விழும். காய்ச்சல், வாந்தி என்று உடனே காட்டிக்கொடுக்காது, அதனால்தான் இவ்வளவு பதற்றமாகச் சொல்கிறேன். தோட்டத்தில் கை அளைந்துவிட்டு அப்படியே விரல் சூப்பும் பிள்ளைக்கு, கீரை வழியாகப் போவதைவிட மண்ணே நேராக வாய்க்குள் போவது அதிகம்.

பரிசோதனை செய்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களும் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். வழக்கமான மண் பரிசோதனை கார அமில நிலை, உப்பு, தழை, மணி, சாம்பல் சத்து இவற்றைத்தான் சொல்லும். ஈயம், காட்மியம், குரோமியம் அதில் இருக்காது. “கன உலோகங்களையும் பாருங்கள்” என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். முடிவு தெரியும்வரை தரை மண்ணில் கீரையும் முள்ளங்கியும் வேண்டாம். இலையும் கிழங்கும்தான் உலோகத்தை அதிகம் வாங்கும். இலையில் மண் தூசியும் ஒட்டும். வெண்டை, கத்திரி, தக்காளி போன்ற காய்களில் அது குறைவாகவே சேரும்.

தண்ணீருக்கும் இதே கேள்விதான். தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்காமல் ஊற்றாதீர்கள். ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று தினமும் தொட்டியில் விடுகிறோம். அது உப்பைத் திரட்டிய தண்ணீர், சில வாரங்களில் இலை நுனி கருகத் தொடங்கும். கழிவறைத் தொட்டி நிரம்பி வழிகிற பக்கம் புதினா, கொத்தமல்லி வைக்கவே கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒன்றாகத் தெருவில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி வெள்ளம் ஏறிய பாத்தியில் நிற்கும் கீரையைக் கழுவிச் சமைக்கலாம் என்று பார்க்காதீர்கள். பிடுங்கிப் போடுங்கள்.

சரி, தரையே வேண்டாம், மாடிக்குப் போய்விடலாம் என்று கிளம்பினால் அங்கே எடை என்ற ஆபத்து. ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நெறி கணக்கில் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. ஒரு அடி ஆழத்துக்கு நிரப்பிய மண், மழையில் நனைந்தால் சதுர அடிக்கு 45 கிலோவைத் தாண்டும். மூன்று மடங்கு! தளத்தின் நடுவே செங்கல் அடுக்கி மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டுவது, அடியில் படுத்திருப்பவர் தலைக்கு மேல் ஆபத்தைக் கட்டுவது. பழைய குடியிருப்புகளில் கம்பி துருப்பிடித்து, சிமென்ட் உதிரும் கூரை என்றால் பொறியாளர் பார்க்காமல் ஒரு பைகூட ஏற்றாதீர்கள். தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கியபோதே, மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்க்கழிவைத்தான் கொடுத்தது. அது எடை குறைவு. உப்புப் போகக் கழுவிய நார்க்கழிவா என்று கேட்டு வாங்குங்கள். பைகளைச் சுவருக்கும் உத்திரத்துக்கும் நேர் மேலே, நீர் வடிய உயரமான தாங்கியில் வையுங்கள். அடியில் தட்டு வைத்தால் தேங்கும் தண்ணீரில் ஒரே வாரத்தில் டெங்கு கொசு உருவாகிவிடும்.

நர்சரியில் “பூச்சி வராது, ஒரு ஸ்பூன் போடுங்க” என்று தாளில் மடித்துக் கொடுக்கும் குருணை மருந்தை வாங்கவே வாங்காதீர்கள். இத்தகைய குருணைகளில் ஒன்றான போரேட், 2020 முடிவிலிருந்து நாடு முழுதும் தடை செய்யப்பட்டது. வேர் வழியாக ஏறி இலைக்கும் காய்க்கும் போய்ச் சேருகிற விஷம் அது; கழுவினால் போகாது.

கடைசியாகச் சுரைக்காய். வீட்டில் காய்த்ததாயிற்றே என்று கசப்பைப் பொறுத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். சமைக்கும் முன் நுனித் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். அந்தக் கசப்பு, வேக வைத்தாலும் அழியாத குகர்பிட்டாசின் என்னும் நச்சு. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் இதற்கென்றே நிபுணர் குழு வைத்து ஆராய்ந்து எச்சரித்திருக்கிறது.

தோட்டம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே லாரி மண்ணை நாலு வீடு பங்கிட்டுக்கொள்கிறீர்கள் என்றால், கன உலோகப் பரிசோதனைச் செலவையும் நாலு வீடும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை குழந்தையின் தட்டில் அந்த மண்ணில் விளைந்த கீரையைப் போடாதீர்கள்.